பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது?

நாற்பது ஐம்பது வருடம் ஓடிய ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஏறி மண் சாலையில் போய்ப் பாருங்கள், முதல் பள்ளத்திலேயே இடுப்பு பதில் சொல்லிவிடும். உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்வார், "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு, ஷாக்கை மாத்திடு." (ஷாக் என்றால் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்.) கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் இடிக்கிறது: ஸ்பிரிங் நிஜமாகவே வீக் ஆகியிருந்தால் வண்டி மெத்தென்று மிதந்துகொண்டு அல்லவா போக வேண்டும்?

முதலில் ஸ்பிரிங்கைப் பார்ப்போம். 1941-இன் வில்லிஸ் ஜீப், 1948-இல் வந்த லேண்ட் ரோவர், 1960-இல் வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் 40 வரிசை, எல்லாவற்றிலும் நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங்தான், அதாவது நீண்ட எஃகு இலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. காரணம் எளிது. பட்டை எடையைத் தாங்குவதோடு ஆக்சிலை (சக்கரங்களைத் தாங்கும் அச்சை) முன்னும் பின்னும் நகராமல் பிடித்தும் வைக்கிறது. சுருள் ஸ்பிரிங் போட்டால் ஆக்சிலைப் பிடிக்கத் தனியாகத் தண்டுகள் வேண்டும். 1970-இல் ரேஞ்ச் ரோவர் நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங்கோடு வந்தபோது அந்தத் தண்டுகளும் சேர்ந்தே வந்தன.

எஃகின் மீள்தன்மை வயதானால் குறைவதில்லை. ஒரு பட்டை ஸ்பிரிங்கை 1 செ.மீ. அமுக்க அது புதிதாக இருந்தபோது எவ்வளவு விசை தேவைப்பட்டதோ, துரு பெரிதாகத் தின்றுவிடாத வரை, கிட்டத்தட்ட அதே விசைதான் இன்றும் தேவை. போனது வளைவு. வருடக்கணக்காகச் சுமந்து சுமந்து பட்டை நிரந்தரமாகத் தட்டையாகிவிட, சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், கீழே இறங்குகிறது, ஆக்சிலுக்கும் அது சேசிஸில் நேராக இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்குகிறது. ஒரு சின்னப் பள்ளத்துக்கே ஆக்சில் போய் அந்த ரப்பரில் மோதும். நாம் "தூக்கிப் போடுது" என்று சொல்வதில் பாதி இந்த மோதல்.

மீதிப் பாதி உராய்வு. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

பட்டை ஸ்பிரிங் வளையும்போது அதன் இலைகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிச் சறுக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள், ஓரத்தில் தாள்கள் படிக்கட்டு போல விலகும். அப்புறம் அந்த ஓரங்களை இறுக்கி கிளிப் போட்டுவிட்டு மறுபடி வளையுங்கள், நோட்டு அட்டைப் பலகையாகிவிடும். இலைகளுக்கு நடுவே துரு ஏறிய ஸ்பிரிங்கின் கதை இதுதான். இதோடு ஷாக்கிளும் (இது ஷாக் அல்ல, ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) சேர்ந்துகொள்ளும். ஸ்பிரிங் தட்டையாகும்போது அதன் நீளம் கூடும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஒரு முனையில் ஷாக்கிள் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. அதன் மூட்டில் இருக்கும் ஆணி (பின்) துருப்பிடித்து, அதைச் சுற்றிய புஷ் என்ற உறை கல்லாகிப் போயிருந்தால் ஊஞ்சல் ஆடாது, ஸ்பிரிங்கும் அசையாது.

உராய்வுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ஓர் எல்லைக்குக் கீழே தள்ளினால் அது அசையவே விடாது. எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பர் இதற்கு நேர் எதிர், மெதுவாக அசைத்தால் மெதுவாகத்தான் தடுக்கும், வேகம் கூடினால் தடுப்பும் கூடும். உதாரணத்துக்கு, ஒரு மூலையில் ஸ்பிரிங் 60 கிலோ அளவு உராய்வில் சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைவிடக் குறைவாக உதைக்கும் கூழாங்கல், வெடிப்பு, சாலைச் சுருக்கம் எதற்கும் அந்த ஸ்பிரிங் அசையாது. வண்டி முழுக்க டயரின் காற்றை மட்டும் நம்பிக் குதித்துக்கொண்டிருக்கும்.

இது ஏன் உடம்புக்கு அவ்வளவு வலிக்கிறது? வண்டியின் எடைக்கு ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கினால், அதன் இயல்பான ஆட்டம் நொடிக்கு 1 முறை. 6 செ.மீ. மட்டும் அமுங்கினால் நொடிக்கு 2 முறை. கார்களில் பொதுவாக 1 முதல் 1.5 வரை வைப்பார்கள், நடக்கும்போது நம் உடம்பு எழுந்து தாழ்வதும் ஏறக்குறைய அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வை மிக மோசமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரை. ஸ்பிரிங் சிக்கிக்கொண்டு டயர் மட்டும் வேலை செய்யும்போது ஆட்டத்தின் வேகம் அந்தப் பக்கமாகத்தான் நகர்கிறது.

அதனால்தான் ஷாக்கை மட்டும் மாற்றினால் ஏமாற்றம். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. அதன் வேலை ஆட்டத்தை அடக்குவது: உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே பிதுக்கித் தள்ள, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. சீல் கசிந்து எண்ணெய் குறைந்தாலோ, காற்று கலந்து நுரைத்தாலோ தடுப்பு போய்விடும். நுரையைத் தடுக்கத்தான் இப்போது நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தவை வருகின்றன. இறுகிப்போன ஸ்பிரிங்குக்கு மேல் இன்னும் கெட்டியான ஷாக்கைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, ஸ்பிரிங்குக்கு என்ன போடுவது? இலைகளைப் பிரித்துத் துரு தேய்த்து, கிரீஸ் தடவி, வளைவு ஏற்றிப் போடுவது ஒரு வழி. துரு குழி விழுந்த இலையை மட்டும் திரும்பப் போடாதீர்கள். எஃகு களைத்து வெடிப்பது அந்தக் குழியிலிருந்துதான் தொடங்கும். புதிதாக வாங்குவதென்றால் குறைந்த எண்ணிக்கையில் தடித்த இலைகள் கொண்ட பாரபாலிக் பட்டையைப் பார்க்கலாம், எனக்குப் பிடித்தது அதுதான். ஓர் இலையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப்படி ஏறும், அதாவது தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. கணக்குப் போட்டால் 6 மி.மீ. இலை 7 சேர்ந்து கொடுக்கும் விறைப்பை, அதே நீள அகலத்தில் 8 மி.மீ. இலை 3 கொடுத்துவிடும். இலை குறைந்தால் உராய்வும் குறையும். ஆனால் தடித்த இலை அதே அளவு வளையும்போது உள்ளே அதிக இழுவிசையைத் தாங்க வேண்டும், அதனால் நடுவில் தடிமனாகவும் முனையை நோக்கி மெலிந்தும் உருட்டி எடுத்து அந்தச் சுமையை நீளம் முழுக்கப் பங்கிடுகிறார்கள். இலைகள் நடுவிலும் முனையிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடும். பழைய பட்டையில் உராய்வே பாதி ஷாக் வேலையைச் செய்துகொண்டிருந்தது, அது போய்விட்டதால் இங்கே நல்ல ஷாக் கட்டாயம்.

வாங்கும்போது இன்னொன்று. சில பழைய லேண்ட் ரோவர்களில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் வேறு, மறுபக்கம் வேறு. மாற்றிப் போட்டால் வண்டி சாய்ந்தே நிற்கும்.

உயரம் ஏற்றும் ஆசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புது ஸ்பிரிங் என்றதும் எல்லாருக்கும் அது வந்துவிடும். சேசிஸ் உயர்ந்தால், சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும். அதன் முனையில் இருக்கும் மூட்டு, அதாவது யூனிவர்சல் ஜாயின்ட், சாய்வாக இருந்தால் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், இரு முனைச் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் அது நேராக இருக்கைக்கு அதிர்வாக வரும். மென்மைக்காகச் செலவு செய்துவிட்டு இதை வரவழைத்துக்கொள்வானேன்?

கழற்றும்போது சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கிக் கட்டும் யூ போல்ட்டுகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதே போடுங்கள், ஒருமுறை இறுக்கத்தில் நீண்ட மரையை மறுபடி நம்ப முடியாது.

ரப்பர் புஷ்ஷில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டுகளை முழுசாக முறுக்கிவிட்டேன். இந்த வகை ரப்பர் சுழல்வதில்லை, முறுகி மட்டும் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அதுதான் அதற்கு ஓய்வு நிலை. வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியே நிற்கும், வண்டி உயரமாகவும் விறைப்பாகவும் தெரியும், சில மாதத்தில் ரப்பர் கிழிந்துவிடும். எனக்குக் கிழிந்தது. போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, நாலு தடவை அமுக்கி ஆட்டிய பிறகே இறுக்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ் பின்னைச் சுற்றிச் சுழலும், அதற்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சிடும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். புதிய இலைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து உட்காரும்போது மொத்தத் தடிமன் துளி குறையும், அந்தத் துளியே போல்ட்டின் இறுக்கத்தைத் தின்றுவிடும். தளர்ந்த போல்ட்டுக்கு நடுவில் ஆக்சில் நகர ஆரம்பித்தால் அதைத் தடுக்க மிச்சம் இருப்பது இலைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும், விரல் தடிமன் கூட இல்லாத சென்டர் போல்ட் ஒன்றுதான்.