கலைக்கு மானியம் கேட்கும் முன் ஊர்ப் பிரச்சினையைச் சொல்லுங்கள்: ‘அவர் டவுன்’ திட்ட விளக்கம்

“எங்களிடம் நல்ல நாடகக் குழு இருக்கிறது, அரசாங்கத்திடம் பணம் கிடைக்குமா?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊரில் என்ன பிரச்சினை? பலருக்கு முகம் சுருங்கிவிடும். நாடகத்தைப் பற்றிப் பேச வந்தவரிடம் சாக்கடையைப் பற்றிக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த வகை மானியத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு செய்யும் கலைப் பணிகளுக்கு மத்திய அரசு தரும் பணம் என்றால் முதலில் அடிபடும் பெயர் ‘அவர் டவுன்’. தமிழில் எழுதினால் யாரோ ஒரு பெரியவரின் டவுன் மாதிரி தெரிகிறது; ‘நம்ம ஊர்’ என்பதுதான் பொருள். 1965-ல் சட்டம் போட்டு உருவாக்கிய தேசியக் கலை நிதியம், சுருக்கமாக என்.இ.ஏ., 2011-ல் இதைத் தொடங்கியது. அதே நிதியம் நாடகம் போடவும் இசை விழா நடத்தவும் வேறு மானியங்கள் தருகிறது. அங்கே கலையின் தரம்தான் பேச்சு. இங்கே அதோடு இன்னொரு கேள்வியும் வரும்: கலையால் அந்த ஊரில் என்ன மாறப்போகிறது? மாற்றத்தைப் பொருளாதாரம், இடத்தின் தோற்றம், மக்களுக்குள் உள்ள உறவு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த மூன்றும் ஒருமுறை நடந்து முடிந்துவிடாமல் ஊரின் வழக்கமான நடைமுறையாகவே ஆவதை நான்காவதாகச் சேர்க்கிறார்கள்.

சரி, இப்போது இந்தப் பணம் கிடைக்குமா? நிலைமை முன்பு மாதிரி இல்லை. 2025 பிப்ரவரியில், வாய்ப்பு குறைந்த சமூகங்களுக்கான ‘சேலஞ்ச் அமெரிக்கா’ என்ற சிறு மானியத்தை அடுத்த நிதியாண்டுக்கு என்.இ.ஏ. ரத்து செய்தது. மே மாதத்தில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மானியங்கள் பலவற்றை நிறுத்துவதாக அமைப்புகளுக்கு மின்னஞ்சல் போனது. 2026 நிதியாண்டு பட்ஜெட் யோசனையில் நிதியத்தையே மூடிவிடலாம் என்று வெள்ளை மாளிகை எழுதியது. அதனால் விண்ணப்பம் எழுத உட்காரும் முன் அந்த ஆண்டுக்கு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று நிதியத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பழைய பி.டி.எஃப். கோப்பை நம்பி மூன்று மாதம் உழைப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் ஏன் இதைப் படிக்க வேண்டும்? மாநிலக் கலை மன்றங்களும் நகர நிர்வாகங்களும் நடத்தும் இதே மாதிரியான மானியங்கள் பெரும்பாலும் இதே எலும்புக்கூட்டின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

பிரச்சினையில் இருந்து தொடங்குவது என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரம். அங்கே யுனிவர்சிட்டி அவென்யூ என்ற நீண்ட சாலையின் நடுவே இலகு ரயில் பாதை போட்டார்கள். சாலையைத் தோண்டிப் போட்டதால் இரண்டு பக்கமும் இருந்த சின்னக் கடைகளுக்கு ஆள் வருவது குறைந்தது. பல கடைகள் குடியேறிகள் நடத்துபவை. ‘ஸ்பிரிங்போர்டு ஃபார் தி ஆர்ட்ஸ்’ என்ற அமைப்பு நகர நிர்வாகத்தோடு சேர்ந்து ‘இரிகேட்’ என்று ஒரு பணியைத் தொடங்கியது. அந்தப் பகுதிக் கலைஞர்கள் சுமார் 600 பேருக்குப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு கடையோடோ அமைப்போடோ சேர்ந்து எதையாவது செய்யச் சொன்னார்கள். சுவரோவியம், கடைக்குள் கச்சேரி, நடைபாதையில் நிகழ்ச்சி என்று சுமார் 150 சின்னச் சின்ன வேலைகள் நடந்தன. தோண்டிப் போட்ட சாலை என்று மட்டுமே செய்தியில் வந்துகொண்டிருந்த இடத்தைப் பற்றி வேறு கதைகளும் வர ஆரம்பித்தன. ரயில் 2014 ஜூனில் ஓடத் தொடங்கியது. இந்தப் பணிக்குப் பணம் ‘அவர் டவுன்’ தரவில்லை. அறக்கட்டளைகள் சேர்ந்து நடத்திய ‘ஆர்ட்பிளேஸ்’ கொடுத்தது. ஆனாலும் விண்ணப்பம் எழுதுகிறவர் மனதில் வைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. யாருக்கு நஷ்டம், எந்தத் தெருவில், எத்தனை காலத்துக்கு என்பது முதல் வரியிலேயே தெரிகிறது. கலை அதற்குப் பிறகு வருகிறது.

இதற்கு நேர்மாறாக நான் படித்துப் பார்க்கும் வரைவுகளில் பாதி இப்படித் தொடங்கும்: “எங்கள் சமூகத்தில் கலை விழிப்புணர்வு குறைவாக உள்ளது.” இது பிரச்சினை இல்லை, புலம்பல். “பள்ளிக்கு எதிரே உள்ள நாற்சந்தியில் கார்கள் நிற்பதில்லை, பிள்ளைகள் கடக்கப் பயப்படுகிறார்கள், நகரப் பொறியாளர் அங்கே மாற்றம் செய்யத் திட்டம் வைத்திருக்கிறார்” என்று எழுதினால் நடுவர் குழுவுக்கு ஒரு இடம் கண்ணில் தெரியும்.

யார் விண்ணப்பிக்கலாம்

தனிக் கலைஞர் விண்ணப்பிக்க முடியாது. வரிவிலக்கு பெற்ற 501(சி)(3) அமைப்பு, அல்லது உள்ளாட்சி அமைப்பு, அல்லது மத்திய அரசு அங்கீகரித்த பூர்வகுடி அரசு விண்ணப்பிக்கலாம். சில ஆண்டுகளாவது நிகழ்ச்சிகள் நடத்திய வரலாறு வேண்டும். ‘அவர் டவுன்’ விதிகளில் இது மூன்று ஆண்டு என்று இருந்தது. போன மாதம் பதிவு செய்த அமைப்புக்கு இதில் இடமில்லை. வரிவிலக்கு உள்ள வேறொரு அமைப்பின் பெயரைக் கடன் வாங்கி விண்ணப்பிக்கும் வழக்கம் அமெரிக்காவில் பல அறக்கட்டளைகளிடம் செல்லும், என்.இ.ஏ.விடம் செல்லாது.

இத்திட்டத்தின் தனித்தன்மை கூட்டாளி விதிதான். குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து வர வேண்டும். ஒருவர் லாப நோக்கற்ற அமைப்பு, இன்னொருவர் உள்ளாட்சி. இருவரில் ஒருவர் கலை அல்லது வடிவமைப்புத் துறை சார்ந்தவராக இருக்க வேண்டும். உள்ளாட்சி என்றால் நகரம், கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி), பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் போன்றவை. மாநில அரசுத் துறையோ மாநிலப் பல்கலைக்கழகமோ அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று போதும் என்று இதை லேசாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. “இந்த அருமையான முயற்சியை வாழ்த்துகிறோம்” என்று மேயர் எழுதிய கடிதம் கல்யாண வாழ்த்து மாதிரி. அழகாக இருக்கும், உதவாது. எந்தத் துறை, எந்த அதிகாரி, எத்தனை மணி நேரம், எந்தக் கட்டடம், திட்டம் முடிந்த பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதிய அரைப் பக்கக் கடிதம் அதைவிடப் பல மடங்கு மேல். நகர மன்றத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தால் அதற்கே ஒன்றிரண்டு மாதம் போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பணக் கணக்கு

‘அவர் டவுன்’ விதிகளில் மானியம் 25,000 முதல் 1,50,000 டாலர் வரை என்று இருந்தது. அதே அளவு தொகையை நாமும் போட வேண்டும். மேட்சிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 50,000 கேட்டால் மொத்தத் திட்டச் செலவு குறைந்தது ஒரு லட்சம். இங்கேதான் சின்ன அமைப்புகள் மிரண்டு ஓடுகின்றன. ஆனால் நம் பங்கு முழுவதும் ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை.

பள்ளி நாற்சந்தி உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்; கார்கள் வேகம் குறைக்க அங்கே சாலையில் ஓவியம் வரைகிறோம் என்று வையுங்கள். நம் பங்கான 50,000 இப்படி வரலாம்: உள்ளூர் அறக்கட்டளை 15,000, நன்கொடைகள் 5,000, நகரப் பொதுப்பணித் துறை ஊழியர்களின் நேரம் 18,000, பள்ளி இலவசமாகத் தரும் கூடத்தின் வாடகை மதிப்பு 6,000, தன்னார்வலர்களின் உழைப்பு 6,000. ரொக்கம் 20,000 தான். மீதி பொருளாகவும் நேரமாகவும். பொருளாக வந்ததை வரவில் காட்டிவிட்டுச் செலவுப் பக்கத்தில் போட மறப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கூடம் வரவில் 6,000 என்றால், செலவிலும் கூடத்தின் வாடகை 6,000 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒட்டாது.

தன்னார்வலர் நேரத்துக்கு வருகைப் பதிவேடு கட்டாயம். அவர் செய்த வேலைக்கு என்ன கூலியோ அதுதான் மதிப்பு. சாஃப்ட்வேர்க்காரர் சனிக்கிழமை வந்து சாலையில் பெயின்ட் அடித்தால் பெயின்டர் கூலிதான். அவருடைய அலுவலகச் சம்பளத்தைப் போட முடியாது. நம் சங்கங்களில் இதைச் சொல்லும்போது சிலருக்கு மனத்தாங்கல் வரும், என்ன செய்ய.

இன்னொரு பொறி: மத்திய அரசுப் பணத்துக்கு மத்திய அரசுப் பணத்தையே மேட்சிங்காகக் காட்டக் கூடாது. மாநிலக் கலை மன்றம் தரும் மானியத்துக்குள் என்.இ.ஏ. பணம் கலந்திருக்கலாம். தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டடம் கட்ட, வாங்க, புதுப்பிக்க இந்தப் பணத்தைத் தொட முடியாது. விருந்து, சிற்றுண்டி, நிதி திரட்டும் நிகழ்ச்சி, அரசியல் ஆதரவு திரட்டல் ஆகியவற்றுக்கும் கிடையாது. கலைஞர் ஊதியம், பொருள்கள், வடிவமைப்புக் கட்டணம், ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தில் திட்டத்துக்கான பகுதி எல்லாம் போடலாம். கலைஞர் ஊதியத்தைக் குறைத்துக் காட்டினால் திட்டம் சிக்கனமாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். எல்லோருக்கும் சம்பளம் உண்டு, ஓவியர் மட்டும் சேவை மனப்பான்மையோடு வருவார் என்ற பட்ஜெட்டை, ஒரு கலை நிதியத்தின் நடுவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

பதிவு வேலை

விண்ணப்பிக்க ‘சாம்’ என்ற மத்திய அரசுத் தளத்தில் அமைப்பைப் பதிவு செய்து, 12 எழுத்தும் எண்ணும் கலந்த யூ.இ.ஐ. அடையாளத்தைப் பெற வேண்டும். 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக இது வந்தது. பதிவு இலவசம். கட்டணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது அரசிடமிருந்து இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

நாங்கள் ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டோம். வரித் துறைக் கடிதத்தில் அமைப்பின் பெயருக்குப் பின் ‘இன்க்’ இருந்தது, வங்கிக் கணக்கில் இல்லை. தளத்தில் யாரோ ஒருவர் வங்கிப் பெயரைத் தட்டிவிட்டார். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்து, கடிதம் அனுப்பி, மறுபடி காத்திருந்து, நான்கு வாரம் போய்விட்டது. அந்த ஆண்டின் கடைசித் தேதியும் கூடவே போனது. எல்லா ஆவணத்திலும் ஒரே பெயர், ஒரே முகவரி இருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள்.

பதிவு முடிந்தபின் விண்ணப்பம் இரண்டு கட்டமாகப் போகும். முதலில் ‘கிராண்ட்ஸ் டாட் கவ்’ தளத்தில் ஒரு சுருக்கப் படிவம், பிறகு நிதியத்தின் சொந்தத் தளத்தில் முழு விவரம். துறை அறிந்தவர்களின் குழு படித்து மதிப்பெண் இடும், நிதியத்தின் ஆலோசனைக் குழுவான தேசியக் கலை மன்றம் பரிசீலிக்கும், கடைசி முடிவு நிதியத்தின் தலைவருடையது. ஆகஸ்டில் விண்ணப்பித்தால் அடுத்த ஜூலைக்கு முன் வேலையைத் தொடங்க முடியாது என்ற கணக்கில்தான் இது நடந்துவந்தது. வேலைக்கான காலம் பொதுவாக இரண்டு ஆண்டு வரை. அடுத்த பொங்கலுக்குப் பணம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

சுவரோவியம் போடுகிறவர்களுக்கு

ஊர்க் கலை என்றதும் பாதிப் பேர் சுவரைத்தான் நினைக்கிறார்கள். அதனால் இரண்டு சட்டங்களைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசுப் பணம் பழைய கட்டடத்தைத் தொட்டால் 1966-ன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வு வரும். ஐம்பது வயது தாண்டிய செங்கல் சுவரில் நேராகப் பெயின்ட் அடிக்கலாமா, பலகையில் வரைந்து மாட்டலாமா என்பதெல்லாம் அதில் பேசப்படும். ஆய்வு முடியும் வரை பணத்தைச் செலவழிக்க முடியாது. சுவரைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் வயதைக் கேளுங்கள்.

இன்னொன்று 1990-ன் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம். வரைந்தவர் எழுத்தில் விட்டுக்கொடுக்காதவரை, தகுதியுள்ள ஓவியத்தைச் சிதைக்காமல் காக்கும் உரிமை அவருக்கு உண்டு, சுவர் யாருடையதாக இருந்தாலும். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற கட்டடத்தின் ஓவியங்களை உரிமையாளர் 2013-ல் ஒரே இரவில் வெள்ளையடித்தார். 2018-ல் நீதிமன்றம் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரச் சொன்னது. ஓவியர், கட்டட உரிமையாளர், உங்கள் அமைப்பு மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, யார் பராமரிப்பு, எப்போது அழிக்கலாம் என்று எழுதிவிட்டால் பின்னால் வம்பில்லை.

பெரிய தொகை பயமாக இருந்தால்

என் ஆலோசனை, முதல் மானியமாக இதைத் தொடாதீர்கள். என்.இ.ஏ. தன் திட்டப் பணத்தில் 40 சதவீதத்தை மாநிலக் கலை மன்றங்களுக்கும் ஆறு வட்டாரக் கலை அமைப்புகளுக்கும் சட்டப்படி தர வேண்டும். அங்கிருந்து சின்னத் தொகைகளாகவும் கிடைக்கும், படிவமும் இலகு. கவுன்ட்டியின் கலை மன்றத்தில் ஒரு சிறு மானியம் வாங்கி, ஒழுங்காகக் கணக்குக் கொடுத்து, அந்த அதிகாரிக்கு உங்கள் பெயர் தெரிந்த பிறகு நகரத்தோடு கூட்டுச் சேருவது எளிது.

பணம் கிடைத்துவிட்டால் அது மொத்தமாகக் கையில் வராது. செலவு செய்துவிட்டுத் திரும்பப் பெறலாம், அல்லது அடுத்த 30 நாளில் செலவாகப்போகும் தொகையை மட்டும் முன்பணமாகக் கேட்கலாம். கையிருப்பே இல்லாத அமைப்பு இங்கே திணறும். திட்டக் காலம் முடிந்து 120 நாளுக்குள் இறுதி அறிக்கை போக வேண்டும். அதன் பிறகு மூன்று ஆண்டு ரசீது, வருகைப் பதிவேடு, ஒப்பந்தம் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். எங்கள் அமைப்பில் செயலாளர் மாறியபோது ரசீதுப் பெட்டி மட்டும் பழையவர் வீட்டு கராஜில் இருந்தது. ஸ்கேன் செய்து எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் போட்டு வையுங்கள்.