பறிமுதல் செய்த தராசுக்குப் பட்டியல் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில் என் அலுவலகத்துக்கு வந்த அந்த அம்மாவின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் இரண்டு எடைக்கற்கள் மட்டும் கிடந்தன. பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் பதினெட்டு ஆண்டுகளாகக் காய்கறி விற்பவர். ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்று விடியற்காலையில் வந்தவர்கள், தள்ளுவண்டியையும் தராசையும் அன்றைய காய்கறி முழுவதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். "என்னென்ன எடுத்தோம்னு எழுதிக் கொடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நாம கேக்கலாமா சார்?" என்றார்.

கேட்கலாம். 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் அந்த உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது. வியாபாரிக்கு வழங்கப்படும் விற்பனைச் சான்றிதழில் குறிப்பிட்ட இடத்திலிருந்து ஒருவரை அப்புறப்படுத்த வேண்டுமானால், உள்ளாட்சி அமைப்பு முதலில் 30 நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்தும் அவர் காலி செய்யாதபோதுதான் பொருளைப் பறிமுதல் செய்யலாம். அப்போதும் எடுத்த பொருள்களைப் பட்டியலிட்டு, கையொப்பமிட்ட நகலை வியாபாரியிடம் கொடுத்தாக வேண்டும். உரிய கட்டணத்தைச் செலுத்தி அவர் திரும்பக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே விடுவிக்க வேண்டும். தராசு, வண்டி போன்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள் விடுவிக்க வேண்டும். இவை 18, 19 ஆகிய பிரிவுகளில் இருக்கின்றன. பட்டியல் இல்லையென்றால் எத்தனை கிலோ தக்காளி போனது, தராசு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. வழக்கு பெரும்பாலும் அங்கேயே பலவீனப்பட்டுவிடுகிறது.

இந்தச் சட்டம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியலமைப்பின் 19(1)(g) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால், குறிப்பிட்ட ஓரிடத்தில்தான் கடை போடுவேன் என்பதை யாரும் அடிப்படை உரிமையாகக் கேட்க முடியாது என்றும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு இடமுண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2010இல் கெயிண்டா ராம் வழக்கில், இந்த உரிமையை வரையறுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. நடந்து போகிறவருக்கும் நடைபாதையில் உரிமை உண்டு. அதை மறுத்து வாதாடும் சங்கத் தோழர்களிடம், அந்த வாதம் நீதிமன்றத்தில் நிற்காது என்று சொல்லியே வருகிறேன்.

என் அனுபவத்தில் சட்டத்தின் உயிர் கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. அதிகாரிகளும் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்த நகர விற்பனைக் குழு, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்த எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. வார்டின் அல்லது நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம் என்பது அதன் அளவுகோல். 40,000 பேர் வாழும் வார்டில் அது 1,000 வியாபாரிகள். எண்ணிக்கை அதை மீறினால் குலுக்கல் நடத்தி, இடம் கிடைக்காதவர்களைப் பக்கத்து விற்பனை மண்டலத்தில் அமர்த்த வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்பதையும் அங்கிருந்து வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்பதையும் இரண்டாம் அட்டவணை சொல்வது பலருக்குத் தெரிவதில்லை. ரயில்வே நிலத்துக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. நிலைய வாசலில் கடை போட்டிருப்பவர்கள் தங்கள் இடம் யாருடையது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நகர விற்பனைக் குழு என்பது ஆணையரோ செயல் அலுவலரோ தலைமை ஏற்கும் அமைப்பு. அதில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். எந்தத் தெரு விற்பனைக்கு உரியது, எது தடைசெய்யப்பட்டது என்று திட்டமிடும்போது, காலை நான்கு மணிக்கு எந்தத் திருப்பத்தில் கூட்டம் சேரும் என்று தெரிந்தவர்கள் அந்த மேசையில் இல்லாவிட்டால், வாடிக்கையாளர் எட்டிப் பார்க்காத மாடிக்கும் மூலைக்கும் கடைகள் போய்ச்சேரும். பெயரளவில் குழு அமைத்து, தேர்தலைத் தள்ளிப்போட்டு, வரைபடத்தை மட்டும் முடித்துவிடும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

பண விஷயத்திலும் இந்தச் சான்றிதழ் முக்கியம். காலையில் 900 ரூபாயைக் கையில் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கட்டும் தண்டலில்தான் பல வண்டிகள் உருள்கின்றன. 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டம் ஈடு இல்லாமல் முதல் கடனாக 10,000 ரூபாய் வரை கொடுத்தது. தவணை தவறாமல் கட்டுவோருக்கு 7 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. ஆனால் வங்கி முதலில் கேட்பது சான்றிதழையோ, அடையாள அட்டையையோ, உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதத்தையோதான். கணக்கெடுப்பில் விடுபட்டவர் பரிந்துரைக் கடிதத்துக்காகத் தனியாக அலைய வேண்டியிருக்கிறது.

அந்த அம்மா கணக்கெடுப்பில் விடுபடவில்லை. வீட்டில் தேடச் சொன்னபோது, ரேஷன் கார்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையோடு அடையாள அட்டை கிடைத்தது. அதன் பயன் என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அட்டையின் நகலை இணைத்து மனு எழுதினோம். மூன்றாம் நாள் வண்டியும் தராசும் திரும்பின, காய்கறி திரும்பவில்லை. அதற்கான இழப்பீட்டு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அட்டையின் இன்னொரு நகலை இப்போது தராசுப் பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். பக்கத்து வண்டிக்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு, தங்கள் அட்டைகளைத் தேட வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.