போதை வழக்கில் நன்னடத்தை விடுதலை ரத்தானால் எப்படி அப்பீல் செய்வது?

கஞ்சா வழக்கில் மாட்டிய பையனை ஜெயிலுக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் விட்டுவிட்டால், வீட்டில் பலரும் வழக்கே முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது, தண்டனைதான் தள்ளிப்போயிருக்கிறது. பத்திரத்தில் ஒப்புக்கொண்டதை மீறினால் நீதிமன்றம் திரும்பக் கூப்பிட்டு, அந்தப் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். அந்தத் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியும். ஆனால் நாள் குறைவு.

முதலில் பழைய உத்தரவை எடுத்து, எந்தப் பிரிவில் விட்டார்கள் என்று பாருங்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் இந்த விஷயத்தில் கறாரானது. 18 வயது தாண்டியவருக்கு 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் சலுகை கிடைக்க, அவர் மீதான குற்றம் 26 அல்லது 27ஆம் பிரிவில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 33ஆம் பிரிவு. 26 என்பது உரிமம் பெற்றவர்கள் விதியை மீறும் குற்றம், 27 என்பது போதைப்பொருளை உட்கொண்ட குற்றம். கையில் வைத்திருந்த குற்றத்துக்கு, அளவு சிறியதாக இருந்தாலும், அந்த வழி இல்லை. ஆனால் போதைக்கு அடிமையானவராக இருந்தால் 39ஆம் பிரிவு இருக்கிறது. உட்கொண்ட குற்றத்துக்கும், சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் இது பொருந்தும். சிறிய அளவு என்பது கஞ்சாவுக்கு 1 கிலோ வரை, ஹெராயினுக்கு 5 கிராம் வரை. அவர் சம்மதித்தால், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து, ஒரு வருடத்துக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், அதிகபட்சம் 3 வருடத்துக்கு இன்னொரு பத்திரம் எழுதி வாங்கி விடுவார்கள்.

எது மீறல் என்பதும் பிரிவைப் பொறுத்து மாறும். 39இல் எழுதும் பத்திரம், போதைப்பொருள் சட்டத்தின் 4ஆம் அத்தியாயத்தில் உள்ள குற்றங்களைச் செய்யமாட்டேன் என்பது. தெருச்சண்டை வழக்கோ, மது குடித்ததோ அதற்குள் வராது. திரும்பக் கஞ்சா பிடித்தால் வரும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதும் பத்திரம் இதைவிட அகலமானது. ஒழுங்காக நடந்துகொள்வேன் என்பதோடு, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு, எங்கே தங்குவது, மதுவைத் தொடக்கூடாது என்பது வரை நிபந்தனை சேர்க்கலாம். அதனால் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். பத்திரத்தில் இல்லாத நிபந்தனையை மீறியதாகச் சொல்லித் தண்டித்திருந்தால், அப்பீலில் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

அடுத்து, விசாரணை நடந்ததா என்று பாருங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வந்ததும் நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ அனுப்பலாம். ஆனால் கேட்டு விசாரித்த பிறகுதான் மீறினார் என்று முடிவு செய்ய முடியும். முதல் முறை மீறல் என்றால், பத்திரத்தைத் தொடரவிட்டு, 50 ரூபாய்க்கு மிகாத அபராதம் மட்டும் போடவும் இதே பிரிவு இடம் தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. நீதிமன்றம் இந்த வழியை யோசிக்கக்கூட இல்லை என்றால் அதையும் அப்பீல் மனுவில் எழுதலாம். 39ஆம் பிரிவில் இந்த 50 ரூபாய் வழி கிடையாது. ஆனாலும் மீறியதாகச் சொல்லப்படுபவரைக் கேட்காமல் தண்டிக்கக்கூடாது என்ற அடிப்படை விதி அங்கேயும் உண்டு.

உதாரணமாக, மாதாமாதம் சிகிச்சைக்குப் போக வேண்டிய ஒருவர் இரண்டு மாதம் போகவில்லை, சிகிச்சையையே விட்டுவிட்டார் என்று அறிக்கை போகிறது. உண்மையில் அவர் மஞ்சள் காமாலையில் வேறொரு அரசு மருத்துவமனையில் படுத்திருந்தார் என்றால், தேதி முத்திரை குத்திய அந்த ஓபி சீட்டும் டிஸ்சார்ஜ் சீட்டும்தான் வழக்கு. கசங்கிப்போன சீட்டு என்று வீசிவிடாதீர்கள். இடையில் ஒருமுறை போதைக்குத் திரும்பியிருந்தாலும் மறைக்க வேண்டாம். மறுபடி தொடங்குவது இந்த நோயோடு வருவதுதான், உடனே சிகிச்சைக்குத் திரும்பினார் என்பதை டாக்டரின் கடிதத்தோடு சொல்வது நல்லது. அன்றைக்குக் கஞ்சாவே இல்லை, பொய் வழக்கு என்று இப்போது வாதிடுவது கடினம். அதற்கு அப்பீல் செய்யும் காலம் முதல் உத்தரவு வந்தபோதே ஓடத் தொடங்கிவிட்டது.

இப்போது நாள் கணக்கு. சிறிய அளவு வழக்குகளை வழக்கமாக நடுவர் நீதிமன்றமே விசாரிக்கும். அங்கே தண்டனை என்றால் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் அப்பீல் போட வேண்டும். சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுக் காத்திருந்த நாட்கள் 30இல் சேராது. தாமதமானால், தகுந்த காரணம் காட்டி மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடலாம். அப்பீல் போனால் தண்டனை கூடிவிடுமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் போட்ட அப்பீலில் அமர்வு நீதிமன்றம் தண்டனையைக் கூட்ட முடியாது.

அப்பீலோடு சேர்த்து, தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் அன்றைக்கே போடுங்கள். சில மாதத் தண்டனையில், அப்பீல் முடிவதற்குள் தண்டனையே முடிந்துவிடும். போதைச் சட்டத்தில் தண்டனையை நிறுத்திவைக்க முடியாது என்று யாராவது சொன்னால், 32ஏ பிரிவை மனதில் வைத்துச் சொல்கிறார். நீதிமன்றத்தின் அந்த அதிகாரத்தைப் பறித்த அளவில் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2000இல், தாது (Dadu) என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. 37ஆம் பிரிவின் கடுமையான ஜாமீன் நிபந்தனைகளும் சிறிய அளவு வழக்குக்குப் பொருந்தாது.

வேலைக்கு முயலும் வயதில் இருப்பவருக்கு இன்னொன்றும் முக்கியம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடப்பட்டவருக்கு, குற்றவாளி என்ற தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது 12ஆம் பிரிவு. பத்திரத்தை மீறிப் பழைய குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். தண்டனை சில வாரம்தானே, அனுபவித்துவிட்டு வரட்டும் என்று முடிவெடுக்கும் முன் இதை வக்கீலிடம் கேளுங்கள்.

வக்கீல் வைக்கக் காசு இல்லையென்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வெளியே யாரும் இல்லாதவர், அப்பீல் மனுவை எழுதிச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவைப்பது அவர் கடமை.