விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

கார் ஏசிக்கு கம்ப்ரசர் மாற்றி 24,600 ரூபாய் கட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், போன வாரம் பில்லோடு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். மாற்றிய பிறகும் ஏசி பழையபடிதான். பைபாஸில் போனால் ஜில்லென்று வருகிறது, சிக்னலில் நின்றால் அனல் அடிக்கிறது. இந்த ஒரு வரியைக் கேட்டதுமே ஏசி வேலை தெரிந்தவர் எவரும் முதலில் பார்ப்பது கண்டன்சர் ஃபேனை, அதாவது ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் விசிறியைத்தான். பானெட்டைத் திறந்து ஏசியைப் போட்டேன். ஃபேன் அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்த்தேன், சுற்றியது. அப்படியென்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஃபியூஸ் பாக்ஸில் பக்கத்திலிருந்த அதே வகை ரிலேயை (கரண்டைத் திறந்து விடும் சின்ன ஸ்விட்ச்) எடுத்து இதன் இடத்தில் செருகினேன். வண்டி நின்ற இடத்திலேயே குளிர் வந்துவிட்டது. புது ரிலே 280 ரூபாய்.

“பழைய கம்ப்ரசர் எங்கேம்மா?” என்று கேட்டேன். கடையிலேயே வைத்துக்கொண்டார்களாம். பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: “ஏமாந்துடக் கூடாதுன்னு மூணு இடத்துல விலை விசாரிச்சேன் தம்பி. இவங்கதான் ரெண்டாயிரம் கம்மியா சொன்னாங்க.”

மூன்று இடத்திலும் அவர் கேட்டது, “கம்ப்ரசர் மாத்த எவ்வளவு ஆகும்?” என்பது மட்டும்தான். கம்ப்ரசர்தான் போயிருக்கிறது என்று யார் சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார் என்று ஓர் இடத்தில்கூடக் கேட்கவில்லை. மூன்று இடத்தாரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஆற்றாமை தருவது இதுதான். நம் ஊரில் படித்தவர், படிக்காதவர் என்று பேதமில்லாமல் எல்லோரும் நியாய விலை என்றால் பாகத்தின் விலையைத்தான் நினைக்கிறார்கள். இன்ன பாகம் அங்கே எட்டாயிரம், இங்கே ஏழாயிரம், ஆகவே இது நியாயம். இல்லை. தேவையே இல்லாத பாகத்தை உலகத்திலேயே குறைந்த விலைக்கு வாங்கினாலும் அது முழு நஷ்டம்தான். அசல் கோளாறை ஒரே முறையில் சரியாகக் கண்டுபிடித்த மெக்கானிக் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கினாலும் உங்களுக்கு லாபம்தான். முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிங்க் ராடாக இருக்கலாம், லோயர் ஆர்ம் புஷ்ஷாக இருக்கலாம், ஸ்ட்ரட் மவுண்டாக இருக்கலாம், ஸ்டீயரிங் ராக்காகவும் இருக்கலாம். லிங்க் ராடு சில நூறு ரூபாயில் முடியும். ராக் பல ஆயிரம். இந்த நான்கில் எது என்று முடிவாகும் இடத்தில்தான் உங்கள் பணம் நிற்பதா போவதா என்பதும் முடிவாகிறது. அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் லேபரில் இருநூறு குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி, “எதை வைத்துச் சொல்றீங்க? எனக்குக் காட்டுங்க.” இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, பிரை பாரைக் கொடுத்து நெம்பி, புஷ் எப்படி ஆடுகிறது என்று காட்டுவார். பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்றால் சக்கரத்தைக் கழற்றி மீதமிருக்கும் கனத்தைக் காட்டுவார். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. டிஸ்க்கையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அந்த டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள். கேட்டதும் எரிச்சல்படுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஸ்கேனரைப் பற்றி ஒரு வார்த்தை. செக் எஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேனரை மாட்டுகிறார்கள், பி0171 என்று ஒரு கோளாறுக் குறியீடு (கோட்) வருகிறது, உடனே ஆக்சிஜன் சென்சார் போச்சு என்கிறார்கள். அந்த கோட் சொல்வது எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது என்பதை மட்டுமே. எஞ்சினோடு இணைந்த வேக்யூம் ஹோஸ் என்ற ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தாலும் அதே கோட்தான் வரும். கோட் கோளாறின் திசையைக் காட்டும், பாகத்தின் பெயரைச் சொல்லாது. ஸ்கேனர் திரையை உங்கள் முன் நீட்டி “கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு சார்” என்றால், “சரி, அதுக்கப்புறம் என்ன டெஸ்ட் பண்ணீங்க?” என்று கேளுங்கள்.

இப்போது எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால், அதற்கு 600 ரூபாய் கேட்டால் தர மறுக்கிறார்கள். “சும்மா பார்த்ததுக்கா காசு?” டாக்டருக்கு ஃபீஸ் தர மாட்டேன், மருந்துக்கு மட்டும்தான் காசு தருவேன் என்று சொன்னால் மருந்துச் சீட்டு எவ்வளவு நீளமாக வரும் என்று நினைத்துப் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பிலும் அதுதான் நடக்கிறது. பார்த்ததற்குக் காசு இல்லை என்றானபின், பாகம் மாற்றினால்தான் மெக்கானிக்குக்கு வருமானம். பார்ட்ஸ் கடையில் மெக்கானிக்குக்குத் தனி விலை உண்டு என்பது ஊரறிந்த விஷயம். எம்ஆர்பிக்குள் அந்த லாபத்தை அவர் வைத்துக்கொள்வதைத் தவறென்று நான் சொல்லவில்லை. பாகம் போனால் திரும்பக் கழற்றி மாட்டித் தருகிறவரும் அவர்தான். ஆனால் வருமானம் முழுவதும் பாகத்திலிருந்தே வர வேண்டும் என்ற நிலைமையை நாம் உருவாக்கி வைத்திருக்கிறோம். தயவுசெய்து பார்த்ததற்குத் தனியாகக் காசு கொடுங்கள். கொடுத்துவிட்டு, “இங்கேதான் வேலை செய்யணும்னு கட்டாயம் இல்லையே?” என்று கேட்டு, கோளாறு என்ன என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய வேலை என்றால் அந்தச் சீட்டோடு இன்னொரு இடத்தில் விசாரியுங்கள். அப்போது விலை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்ற வேலைகளும் உண்மையிலேயே உண்டு. கியர்பாக்ஸ், ஹெட் கேஸ்கட் போன்றவை. அப்போது கழற்றும் கூலியை மட்டும் முதலில் பேசி முடியுங்கள். “கழட்டினதும் போன் பண்ணுங்க, நான் சரின்னு சொல்லாம அடுத்த வேலை செய்யாதீங்க” என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், பின்னால் ஆதாரமாக இருக்கும்.

லேபரில் ஒரு நுணுக்கம். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அப்படி இறக்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் அவை பிறகு போனால் மறுபடி முழுக் கூலி. ஆனால் பில்லில் கிளட்ச் லேபர் தனி, பேரிங் லேபர் தனி, சீல் லேபர் தனி என்று மூன்று முழுக் கூலி இருந்தால் விடாதீர்கள். கியர்பாக்ஸ் இறங்கியது ஒருமுறைதான்.

அடுத்தது பாகம். கார் கம்பெனி தன் வண்டியின் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், பிரேக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தயாரிப்பாளர் இருக்கிறார். சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா எல்லாம் இப்படிப் பல கார் கம்பெனிகளுக்குப் பாகம் கொடுப்பவைதான். அந்தத் தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியில் விற்கும் அதே பாகம், கார் கம்பெனி பெட்டியில் வருவதைவிடப் பல நேரம் விலை குறைவு. “கம்பெனி பெட்டி இல்லேன்னா டூப்ளிகேட்” என்பது தவறான எண்ணம். டூப்ளிகேட் என்பது கம்பெனி பெட்டியையே அச்சு அசலாகப் போலி செய்து வருவது, அதுதான் ஆபத்து. பெட்டியில் ஹாலோகிராமோ கியூஆர் கோடோ இருந்தால் சரிபாருங்கள். பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாருதி போன்ற கம்பெனிகள் ஜென்யூன் பாகங்களின் விலையை இணையத்திலேயே போட்டிருக்கின்றன, இரண்டு நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம்.

பழைய பாகம் வாங்க சென்னை புதுப்பேட்டைக்குப் போவதையும் நான் தடுக்க மாட்டேன். கதவு, சைடு மிரர், ஹெட்லைட், டிக்கி மூடி எல்லாம் பார்த்து வாங்கினால் நல்ல லாபம். பிரேக், டை ராடு, லோயர் ஆர்ம், டைமிங் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். இதில் பேரம் கிடையாது.

எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. இதைச் சட்டமே சொல்கிறது, இருந்தும் எத்தனை பில்லில் எம்ஆர்பிக்கு மேல் வரி போட்டிருக்கிறார்கள்! பெட்டியில் 1,180 ரூபாய் என்று இருந்தால் பில்லில் பாகம் 1,000, ஜிஎஸ்டி 180 என்று வர வேண்டும். 1,180 போட்டு அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 1,392 ஆகிறது. ஒரு பெட்டியில் 212 ரூபாய் போனது. பத்துப் பாகம் மாற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம்தான். பில்லில் இன்னும் 28 என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். காலிப் பெட்டிகளையும் கழற்றிய பழைய பாகங்களையும் டிக்கியில் போடச் சொல்லுங்கள். பேட்டரி என்றால் பழையதற்கு ஈய மதிப்பு உண்டு, அதைக் கழித்துத்தான் புது விலை பேச வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் இலவச சர்வீஸ் என்றால் இலவசம் லேபர் மட்டும்தான். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டெஃப்லான் கோட்டிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட் என்று எஸ்டிமேட்டில் ஏற்றுவதைத்தான் கவனிக்க வேண்டும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் எத்தனை கிலோமீட்டரில் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. அதில் இல்லாததை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எத்தனை லிட்டர் ஆயில் பிடிக்கும் என்பதும் அதே கையேட்டில்தான் இருக்கிறது, பில்லோடு ஒப்பிடுங்கள்.

“வெளியே வேலை பார்த்தா வாரண்டி போயிடும்” என்று மிரட்டுவதும் நடக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி ஒர்க்‌ஷாப்களுக்கு உதிரிபாகமும் ஸ்கேனர் போன்ற கருவிகளும் கிடைக்காமல் செய்தார்கள் என்பதற்காக. வெளியே ரிப்பேர் பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளியே நடந்த தவறான வேலையால் கெட்டுப்போனதற்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன, வழக்கு நீண்டது. நடைமுறையில் என் யோசனை: வாரண்டி காலத்தில் அட்டவணை சர்வீஸை கம்பெனியிலேயே செய்யுங்கள். பிரேக் பேடு, பேட்டரி, டயர் போன்ற தேய்மானப் பொருட்களை வெளியே மாற்றிக்கொள்ளலாம், பில்லோடு.

“இன்சூரன்ஸ்தானே சார் கொடுக்குது” என்ற பேச்சுக்கும் மயங்காதீர்கள். பம்பரில் 4,500 ரூபாய்க் கீறல். உங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) 50 சதவீதம், ஓன் டேமேஜ் பிரீமியம் (உங்கள் வண்டியின் சேதத்துக்காகக் கட்டுவது) போனஸுக்கு முன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் செய்தால் அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யம். பிறகு ஆண்டுக்காண்டு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50. இந்த ஐந்து ஆண்டில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 10,000 ரூபாய். சின்ன காருக்கு எப்படியும் முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான் போகும். ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டில் பெரியவர்களோ பெண்களோ தனியாக வண்டியை விடப் போனால், எஸ்டிமேட்டை உங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர்களுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது என்று தெரிந்தால் எஸ்டிமேட் நீளும் இடங்கள் இருக்கின்றன. இதை என் தொழில்காரர்களைப் பற்றியே எழுத வேண்டியிருப்பது எனக்கு வேதனைதான், ஆனால் அந்த ஆசிரியையின் பில்லைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் முதலில் அந்த இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இணையம் வழியாகவே மனு போடலாம். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும், பாகம் தனி, லேபர் தனி என்று பிரித்துப் போட்ட பில். “பில் இல்லாம வாங்கினா ஜிஎஸ்டி மிச்சம் சார்” என்று சொன்னால், அந்த 18 சதவீதத்தைக் கட்டிவிட்டு பில்லை வாங்கிக்கொண்டு வாருங்கள்.