பரிமாற்றத் திரவமா, வலுக்கடத்தி ஒயிலா?

ஓட்டோ கியர் வாகனங்களின் கையேட்டைத் தமிழாக்குகிறவர்கள் 'டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட்' என்பதைப் 'பரிமாற்றத் திரவம்' என்றே எழுதித் தள்ளுகிறார்கள். கல்லடியில் எந்தக் கராஜிலும் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், பாஸ் முழிப்பார். 'ஏ.ரி.எஃப்' (ஓட்டோமற்றிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட்) என்றால் சிவப்பு ஒயில் போத்தல் உடனே வரும்.

டிரான்ஸ்மிஷனின் மூலச்சொல் லத்தீன். 'டிரான்ஸ்' அப்பால், 'மிட்டெரே' அனுப்பு. அனுப்பப்படுவது எஞ்சினின் வலு, போய்ச் சேருமிடம் சில்லு.

பரிமாற்றம் என்பது கொடுத்து வாங்குவது. கடிதப் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம், பண்டப் பரிமாற்றம் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் கை நீட்டுகிறது. எஞ்சினுக்குச் சில்லு எதைக் கொடுக்கிறது? இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டால் சில்லுதான் எஞ்சினைச் சுழற்றும் என்று யாராவது மடக்கலாம். அது கியர் பெட்டியின் பக்கவேலை. பக்கவேலையை வைத்துப் பெயர் சூட்டுவதில்லை. பந்தியில் சோறு பரிமாறுவதும் இதே சொல்தான் என்பதால், கையேட்டைப் படிக்கிறவருக்குச் சிரிப்பும் வரும்.

அதைவிட ஆபத்தானது 'கியர் ஒயில்'. அந்தப் பெயரில் வேறொரு பொருள் கடையில் இருக்கிறது. மனுவல் கியர் பெட்டிக்கும் டிப்ரன்சலுக்கும் ஊற்றும் 80டபிள்யூ-90 போன்ற தடித்த ஒயில் அது. ஓட்டோ பெட்டிக்குள் ஏ.ரி.எஃப், எஞ்சினையும் பெட்டியையும் ஒயிலால் இணைக்கும் ரோர்க் கொன்வேட்டரில் வலுவைக் கடத்துகிறது, வால்வுகளுக்கு அமுக்கம் கொடுக்கிறது, கிளச் தட்டுகள் அளவாகப் பிடிக்க உதவுகிறது, சூட்டையும் வெளியே கொண்டுபோகிறது. அதற்குப் பதில் தடித்த ஒயில் போனால் கிளச் வழுக்கி எரியும். ஒரு சொல் பிழைத்ததற்குப் பெட்டியையே மாற்றவேண்டி வரும்.

'வலுக்கடத்தி ஒயில்' என்பதே என் தெரிவு. கட என்றால் அப்பால் செல், கடத்து என்றால் அப்பால் செல்லச் செய். லத்தீனுக்கு இதைவிட நேரான தமிழ் கிடையாது. கடத்தல் என்றதும் சிலருக்கு ஆட்கடத்தலும் கஞ்சாவும்தான் நினைவுக்கு வருகிறதாம். மின்கடத்தி என்று பள்ளிப் பிள்ளை கூச்சமில்லாமல் எழுதுகிறதே!

மொழிபெயர்ப்பாளரின் அடுத்த கூத்து, பனி நாட்டு அறிவுரையை அப்படியே இறக்குவது: 'குளிரில் நீண்டநேரம் இயக்கிச் சூடாக்கவும்'. மட்டக்களப்பில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. செங்கலடி–பதுளை வீதியால் ஏறி நுவரெலியாவில் விடிய வாகனத்தை எடுக்கும்போதுதான் குளிரின் குணம் தெரியும். ஒயில் தடித்திருப்பதால் 'டி'யில் போட்டபின் கொஞ்சம் தாமதித்துப் பிடிக்கும், கியர் பிந்தி மாறும், எஞ்சினையும் பெட்டியையும் நேரே பிணைக்கும் கொன்வேட்டர் பூட்டும் சூடேறும்வரை விழாது. அரை நிமிடம் நின்று மெதுவாக ஓட்டினாலே போதும், ஓடித்தான் அந்தப் பெட்டி சூடாகும். சூடான பின்னும் வழுக்கினால் குளிரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

'ஆயுட்கால ஒயில்' என்பதும் ஏமாற்றுச் சொல். யாருடைய ஆயுள்? நம் வெயிலில், பாரம் ஏற்றி ஓடும் வாகனத்துக்குக் கையேடு வேறு சொல்லாவிட்டால் 40,000–60,000 கிலோமீற்றருக்குள் மாற்றுவது நல்லது. கபிலமாகிக் கருகல் மணம் வந்தால் அதற்கும் முன்பே. பால் கலந்த இளஞ்சிவப்பானால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது: ரேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் கூலர் உடைந்திருக்கும், அல்லது வெள்ளத்தில் ஓடியிருக்கும். அப்போது ஒயிலை மாற்றினால் மட்டும் போதாது.

கீழே நட்டைக் கழற்றினால் மொத்த ஒயிலில் மூன்றிலொன்று முதல் பாதிவரைதான் வடியும், மிச்சம் கொன்வேட்டரில் நிற்கும். வடிந்ததை அளந்து அதே அளவு புது ஒயில் ஊற்றி, சிறிது ஓட்டி, மறுபடி வடிக்கவேண்டும். பற்சில்லுப் படிகளுக்குப் பதில் பட்டியும் கப்பியும் கொண்ட சி.வி.ரி. பெட்டிக்கு அதற்குரிய ஒயில் தனி, ஏ.ரி.எஃப்.பை அதில் கலக்கக்கூடாது. கடையில் நிறத்தைச் சொல்லிக் கேட்காமல் ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்ரிக்கிலோ கையேட்டிலோ உள்ள ரகத்தைச் சொல்லிக் கேளுங்கள். டொயோட்டாவின் ரி-4, டபிள்யூ.எஸ். ரகங்கள் இரண்டுமே சிவப்புத்தான், ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது.