கையில் ராஜா, ஆனால் முதல் ஆள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரியில் பொழுது சாயும் முன்பே வீட்டுக்குள் அடைய வேண்டியதுதான். அந்த நேரத்துக்குக் காசு வைக்காமல் ஆட ஓர் ஆட்டம் சொல்கிறேன். தைல மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்கள் ஒரு கைப்பிடி. ராஜா, ராணி, ஜாக்கி என மூன்றே சீட்டுகள். இவ்வளவு போதும். நல்ல சீட்டு கையில் இருந்தும் முதல் ஆள் ஏன் தவிக்கிறார் என்ற, போக்கர் எனும் பந்தயச் சீட்டாட்டத்தின் புதிர் இதற்குள் அடங்கியிருக்கிறது.

அமெரிக்கக் கணித அறிஞர் ஹரால்டு குன் 1950இல் எழுதிய ஆட்டம் இது. இருவரும் நடுவில் தலா ஒரு காய் வைத்து, ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். முதல் ஆள் இன்னொரு காய் கட்டலாம், கட்டாமலும் விடலாம். கட்டினால், மற்றவர் ஈடு கட்ட வேண்டும் அல்லது சீட்டைக் கவிழ்த்துத் தோற்க வேண்டும். விட்டால், கட்டும் வாய்ப்பு மற்றவருக்குப் போகிறது. யாரும் கவிழ்க்காவிட்டால் பெரிய சீட்டு வெல்லும்; ராஜா பெரியது, ஜாக்கி சிறியது. இருவரும் பிசகே இல்லாமல் ஆடினாலும், சராசரியாக 18 ஆட்டத்துக்கு ஒரு காய் முதல் ஆளிடமிருந்து போய்விடும். சீட்டு இருவருக்கும் ஒரே மாதிரிதான் விழுகிறது. வேறுபாடு வரிசையில் மட்டுமே.

ராஜா உங்களிடம், நீங்கள் முதல் ஆள். நீங்கள் கட்டினால் ஜாக்கிக்காரர் உடனே கவிழ்த்துவிடுவார். ராணிக்காரர் மூன்றில் ஒரு முறை ஈடு கட்டுவார். விட்டாலோ ராணிக்காரரும் விட்டுவிடுவார். ஜாக்கிக்காரர் மூன்றில் ஒரு முறை பொய்யாகக் கட்டிப் பார்ப்பார். எந்த வழியில் போனாலும் ஆறில் ஒரு முறைதான் கூடுதல் காய். தோற்கவே முடியாத சீட்டுக்கு இவ்வளவுதான் வருமானம்!

ஆகவே ராஜாவை வைத்துச் சில நேரம் கட்ட வேண்டும், சில நேரம் விட வேண்டும். ஜாக்கியை வைத்துப் பொய்யாகக் கட்டுவதைப் போல மூன்று மடங்கு, ராஜாவை வைத்து மெய்யாகக் கட்ட வேண்டும் என்கிறது கணக்கு. நடுவில் மூன்று காய் கிடக்க, ஒரு காய் போட்டுப் பார்ப்பது லாபமா நட்டமா என்று ராணிக்காரரால் முடிவு செய்யவே முடியாத அளவு அது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

டெக்சாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டும், மேசையில் சுற்றுக்குச் சுற்று திறக்கும் பொதுச் சீட்டுகளும் வைத்து ஆடும் போக்கர்) போன்ற முழு ஆட்டத்தில் இந்தச் சிக்கல் சுற்றுக்குச் சுற்று பெருகும். நடுவில் 10 காய் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் உள்ள அளவே கட்டப்பட்டு, ஈடும் வந்தால் 30, 90, 270 என்று ஏறும். ஒரு சுற்று வெறுமனே கழிந்தால் 90இல் நின்றுவிடும். கடைசி ஆளுக்கு இந்தக் கவலை இல்லை. முன்னவர் விட்டாலும் தானே கட்டிக்கொள்வார். முதல் ஆள் விட்டு, மற்றவரும் விட்டால் அந்தச் சுற்று போனது போனதுதான்.

எதிராளி சும்மா இருக்க மாட்டாதவர் என்றால், விட்டுப் பிடிக்கலாம். அவர் 10 கட்டியதும் நீங்கள் 40 ஆக ஏற்றி, அவரும் ஈடு கட்டினால், ஒரே சுற்றில் நடுவில் 90 சேர்ந்துவிடும். ஆனால் மேசையில் இரண்டு ஹார்ட்டின் கிடக்கும்போது இதைச் செய்யாதீர்கள். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேர்ந்தால் அது பெரிய கை. அவர் கையிலும் இரண்டு ஹார்ட்டின் இருந்தால், ஐந்தாவது ஹார்ட்டின் அடுத்த சீட்டிலேயே விழ 47இல் 9 வாய்ப்பு உண்டு. அந்தச் சீட்டை அவர் விலை கொடுத்தே பார்க்கட்டும்.