ஸ்க்ரூடிரைவர் வைத்து டிராக்டரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்

பழைய டிராக்டர் பழுதுக்கு வரும்போது முதலில் ஸ்டார்ட்டர் சோலனாய்டின் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) டெர்மினல்களைத்தான் பார்ப்பேன். பல வண்டிகளில் அந்த போல்ட்டுகளின் தலை தீப்பொறி பட்டு உருகிக் கிடக்கும். சாவி வேலை செய்யாததால், தரையில் நின்றபடி ஸ்க்ரூடிரைவரால் டெர்மினல்களை இணைத்து ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

இது உயிரைப் பறிக்கும் பழக்கம். அப்படி இணைக்கும்போது சாவியையும், வண்டி கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்சையும் தாண்டி மின்சாரம் போய்விடுகிறது. வண்டி கியரில் இருந்தால் இன்ஜின் பிடித்த உடனே நகரும். நிற்பவர் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு முன்னால்தான் இருப்பார். விலக நேரம் கிடைக்காது. பழைய டீசல் இன்ஜின்கள் பலவற்றைச் சாவியால் அணைக்கவும் முடியாது, ஸ்டாப் ராடைத்தான் இழுக்க வேண்டும். இத்தனை ஆபத்துக்கும் காரணம் பல நேரங்களில் தேய்ந்துபோன ஒரு செம்புத் துண்டுதான்.

ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் உடம்பிலும் வைத்து, இன்னொருவரை சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் கேபிளில். துருவைச் சுரண்டி போல்ட்டை முறுக்கினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

அதற்குப் பிறகும் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்து மோட்டார் சுற்றவில்லையா? பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை இறக்கி, சோலனாய்டைத் திறந்து பாருங்கள். உள்ளே இரண்டு செம்பு போல்ட் தலைகளும், அவற்றை இணைக்கும் தட்டும் கருகிப் பள்ளம் விழுந்திருக்கும். சில வகைகளில் தட்டைத் திருப்பிப் போட்டால் புது முகம் கிடைக்கும். ஆனால் பள்ளம் ஆழமாக இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் எல்லா பிரஷ்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரை எமரி தாளால் தேய்க்க வேண்டாம். அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும், செம்பிலும் பதியும். சாதாரண மெல்லிய உப்புத்தாள் போதும்.

பெரும்பாலோர் தவறவிடுவது புஷ்ஷை, அதாவது மோட்டார் தண்டைத் தாங்கும் வளையத்தை. மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஆர்மேச்சரின் மேல்பரப்பில் ஒரு பக்கம் பளபளப்பாக உரசிய தடம் இருக்கும். புஷ்ஷை விட்டுவிட்டு பிரஷ்ஷை மட்டும் மாற்றினால், மோட்டார் இழுக்கும்போதெல்லாம் உரசிச் சூடாகி, கடைசியில் கம்பிச்சுருளே கருகிவிடும். புது வெண்கல புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் பொருத்துங்கள். ஸ்டார்ட்டர் முனையில் உள்ள சிறு பல்சக்கரத்தின் (பினியன்) கிளட்சை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும்.

சில நேரம் பிடித்து, சில நேரம் 'கரகர'வென்று அரைத்தால் பினியன் பிடித்துச் சுற்றும் ஃப்ளைவீலின் பல்வளையமான ரிங் கியரின் பல்லைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் இரண்டு இடங்களிலேயே நிற்கும். பல் அங்கேதான் தேயும்.

எல்லாம் பூட்டியபின் ஒரு சோதனை பாக்கி. முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில், சீட்டில் உட்கார்ந்து, ஸ்டாப் ராடை இழுத்து வைத்து, பிரேக்கை அழுத்தி, கிளட்சை மிதிக்காமல், வண்டியைக் கியரில் போட்டுச் சாவியைக் கணநேரம் திருப்புங்கள். நியூட்ரல் சுவிட்ச் உள்ள வண்டியில் ஸ்டார்ட்டர் அசையவே கூடாது. அசைந்தால், அந்த ஒயரை யாரோ நேராக இணைத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துச் சுவிட்சைச் சரிசெய்த பிறகே வண்டியை வயலுக்கு அனுப்புங்கள்.